பன்னிரண்டு நிமிடத் தூரம்

இரண்டாவது பூட்ஸின் நாடாவைக் கட்டி நிமிர்ந்தபோது, முதல் பூட்ஸைக் கட்டினோமா என்று சவரிராயனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து பார்த்தார். கட்டித்தான் இருந்தது, இரட்டை முடிச்சாக. சரி, இது யாருக்கும் வருவதுதான். கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் பனியன், கழுத்துக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, கைக்கு இரண்டு என்று இத்தனையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவன் எதை மாட்டினோம் எதை விட்டோம் என்று குழம்பாமல் இருந்தால்தான் அதிசயம். தூத்துக்குடியில் செருப்பில் காலை நுழைத்தால் முடிந்தது வேலை. அடுப்பை அணைத்தோமா? இது கேஸ் அடுப்பு இல்லை, கரண்ட் அடுப்பு. கண்ணாடிப் பலகை மாதிரிக் கிடக்கும், தீ தெரியாது, மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்குதான் அதற்குச் சாட்சி. பூட்ஸோடு உள்ளே போகக் கூடாது என்பது மனைவி பிலோமினாவின் சட்டம். ஆனாலும் குதிகாலை ஊன்றி ஊன்றிப் போய்ப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. நல்லது. வாசலுக்கு வந்து டிபன் கேரியரைத் துணிப்பைக்குள் இறக்கினார். சோறு, பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல், மேலடுக்கில் இரண்டு அப்பளம். பிலோமினா பன்னிரண்டே காலுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து கீழே வருவாள். இப்போது பதினொன்று ஐம்பது. நடந்தால் பன்னிரண்டு நிமிடம். அடுப்பை அணைத்தோமா? இப்போதுதானே பார்த்தோம். பார்த்தது இன்றைக்கா, நேற்றைக்கா? கதவுக் குமிழில் கையை வைத்தபடி அசையாமல் நின்றார். மறுபடி ஒருமுறை உள்ளே போனால், அப்படிப் போவதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை அவர் மனதுக்குள்கூடச் சொல்லவில்லை. போகவும் இல்லை. கதவை இழுத்துச் சாத்திப் பூட்டி, பூட்டியதை ஆட்டிப் பார்த்து, படியிறங்கினார்.

மூக்குக்குள் இருக்கும் ஈரம்தான் முதலில் உறையும். வந்த முதல் வாரமே அதைத் தெரிந்துகொண்டிருந்தார். மூச்சை இழுத்தால் உள்ளே சின்னச் சின்னதாக முள் குத்தும். அப்புறம் கண் ஓரம். அப்புறம் கன்னம், அது மரத்துப்போய் வேறொருவர் கன்னம் மாதிரி ஆகிவிடும். ஜனவரி நாலாம் தேதி வந்தார்கள், இப்போது பிப்ரவரி முடியப் போகிறது, மே மாதக் கடைசியில் ஊருக்குத் திரும்ப டிக்கெட். பிலோமினா தூத்துக்குடியில் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. கடற்பாசிகளைப் பற்றி இருபத்தைந்து வருஷமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறவள். கடலே இல்லாத இந்த வெளிநாட்டு ஊர்க் கல்லூரியில், நூறு வருஷத்துக்கு முன்னால் மன்னார் வளைகுடாவில் யாரோ எடுத்துக் காகிதத்தில் ஒட்டிவைத்த பாசிகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன என்று அவளை அழைத்திருந்தார்கள். அவர் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். கூட வந்தார், அவ்வளவுதான். வீடு வேறொருவருடையது. சரித்திரப் பேராசிரியர் ஒருவர் குளிருக்குப் பயந்து எங்கோ வெயில் ஊருக்குப் போயிருக்கிறார், அவருடைய மாடியில், அவருடைய நாற்காலியில், அவருடைய பிள்ளைகள் பல்லைக் காட்டும் படங்களுக்குக் கீழே இவர்கள் இருக்கிறார்கள். பிலோமினா இந்த வீட்டைப் பிடித்தபோது அவளுக்குப் பிடிபடாத சந்தோஷம். "வண்டியே வேண்டாம்ங்க. கடை, லைப்ரரி, கோயில், காலேஜ், எல்லாம் நடந்து போற தூரம். உங்களுக்குன்னே செஞ்சு வச்சாப்ல இருக்கு." உண்மைதான். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் ரீடிங் எடுத்த காலுக்கு இது ஒரு தூரமா? டவுனில் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் வாசல் அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் மீட்டர் மாடிப்படிக்கு அடியில், எந்த வீட்டில் நாய், எந்த வீட்டம்மா வெள்ளை அட்டையைத் தொலைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் புதுசு கேட்பாள், எல்லாம் தெரியும். சர்வீஸ் நம்பரைச் சொன்னால் வாசற்கதவின் நிறத்தைச் சொல்வார். நடந்து நடந்து தெரிந்துகொண்டவை.

காலுக்கடியில் நறநறத்தது. உப்பு. பனிக்கட்டி வழுக்காமலிருக்க நடைபாதையெல்லாம் கல்லுப்பை அள்ளி வீசியிருக்கிறார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது காலை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. உப்பளத்தில் வளர்ந்தவன் உப்பை மிதிப்பதா? பிலோமினா சிரித்துவிட்டு, "மிதிங்க, மிதிக்கலைன்னா விழுவீய" என்றாள். இப்போது பழகிவிட்டது. இடப்புறம் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடு, அதன் முன்புறம் ஒரு சோபா, சோபாவின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது போல உருண்டையாகப் பனி. அடுத்து, மிதிவண்டி ஒன்று கைப்பிடி மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும் வீடு. அடுத்து, சன்னலில் பூனை. பூனை இன்றைக்கு இல்லை. இல்லாவிட்டால் என்ன, சன்னல் இருக்கிறதே. ஆனால் இந்தச் சன்னல்தானா அது? எண்களைப் படித்தார். நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பதினாறு, நானூற்று இருபது. நடுவில் உள்ள எண்களை எல்லாம் எங்கே தூக்கிப் போட்டார்களோ. எல்லா வீடும் மர வீடு, எல்லாக் கூரையும் வெள்ளை, எல்லா மரமும் மொட்டை. வெயில் காலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம் இருக்குமாம், வாசலில் பூச்செடி இருக்குமாம், பிலோமினாவின் ஆய்வுக்கூடத்துப் பெண் சொன்னாள். இந்தப் பனி வந்து எல்லா அடையாளத்தையும் அழித்துவிட்டது. பனிதான் காரணம். வியாழக்கிழமையும் பனிதான் காரணம்.

வியாழக்கிழமையை நினைக்க வேண்டாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார். நினைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நடந்தால் அதைத்தான் நினைத்துக்கொண்டு நடக்கிறோம் என்று அர்த்தம். போன வாரம் வியாழன், சாயங்காலம் நாலு மணி, நூலகத்தில் தமிழ்ப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்தோம் என்றுதான் நினைத்தார். படியேறினார், சாவியைப் போட்டார், திரும்பவில்லை. குளிரில் பூட்டு இறுகியிருக்கும் என்று ஊதினார், வெளியே எடுத்துத் துடைத்தார், மறுபடி போட்டார், தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு திறந்தது. ஈரத் தலையோடு ஒரு பெண் நின்றாள், இருபது வயதிருக்கும், ஒரு காலில் பச்சைக் காலுறை, மற்றதில் கோடு போட்டது. இதெல்லாம் எவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது! அவள் பயப்படவில்லை. ஆர் யூ ஓக்கே என்று கேட்டாள். அவருக்கு முதலில் கோபம் வந்தது. என் வீட்டில் நீ யார் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டார், அந்த நொடியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அவளுக்குப் பின்னால் சுவரில் பேராசிரியரின் பிள்ளைகள் இல்லை. வேறு சுவர், வேறு விளக்கு. ஸ்னோ, என்றார், கையை வெளியே காட்டி, ஸ்னோ, ஆல் சேம். அவளும் சிரித்தாள். அது பெரிய விஷயமில்லை, யாருக்கும் நடக்கும். பெரிய விஷயம் அதற்கப்புறம். படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது தன் வீடு வலப்பக்கமா இடப்பக்கமா என்பது அவரிடம் இல்லை. மறந்துபோனது என்று சொல்ல முடியாது. மறந்தது என்றால் நுனி நாக்கில் ஏதாவது நிற்கும். அது அப்படி இல்லை. பலகையைத் துடைத்தது மாதிரி, அங்கே ஒன்றும் எழுதியே இருக்கவில்லை என்பது மாதிரி இருந்தது. செல்போன் குளிரில் செத்துப்போயிருந்தது. ஐம்பது நிமிடம் நடந்தார். யாரிடமும் கேட்கவில்லை. ஏதோ ஒரு திருப்பத்தில் தெரு சட்டென்று தன் தெருவாகிவிட்டது, எப்படி ஆனது என்று தெரியவில்லை. பிலோமினா ஏழு மணிக்கு வந்து, "மூக்கு ஏன் இப்படிச் செவந்திருக்கு?" என்றாள். லைப்ரரியில் ஹீட்டர் சரியில்லை என்றார். முப்பது வருஷத்தில் அவளிடம் அவர் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது எந்த விரலில் சேரும்?

இதற்கு முன்னாலும் உண்டு. நவம்பரில் ஊரில், மீன் மார்க்கெட்டிலேயே ஸ்கூட்டரை மறந்து விட்டுவிட்டு நடந்து வந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஜெபத்தின் நடுவில் ஒரு வரி காணாமல் போனது. பக்கத்தில் நின்றவர்களின் வாயைப் பார்த்துச் சமாளித்தார். அதோடு நினைவுக்கு வராத ஒரு பெயர். இதுதான் மூன்று நாளாகச் செருப்புக்குள் கல் மாதிரி. அவரோடு பத்தொன்பது வருஷம் ஒரே செக்ஷனில் வேலை பார்த்தவர், சிவந்த முகம், வலது கையில் ஆறு விரல், மதியம் எப்போதும் எலுமிச்சைச் சோறு, மூத்த மகள் நர்ஸ். மகள் பெயர்கூட நினைவிருக்கிறது, சுபத்ரா. அவர் பெயர்? செ-யில் தொடங்கும். செண்பகம்? செல்லையா? செந்தூர்? இல்லை. எல்லாவற்றையும் அந்த முகத்தில் ஒட்டிப் பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. பழைய சர்வீஸ் நம்பர்கள் மட்டும் மளமளவென்று வருகின்றன, எழுபத்தொன்பதுக்குக் கீழ் நூற்று நாற்பத்துநாலு, நீலக் கதவு, மாதா படம். அதுதான் பயமாக இருந்தது. பழையது இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது. அப்பாவுக்கும் பழையது இருந்தது. எந்த வருஷம் எந்தப் பாத்தியில் உப்பு எத்தனை நாளில் விளைந்தது என்று அப்பா ஒப்பிப்பார், பெற்ற பிள்ளையைப் பார்த்து நீங்க யாரு தம்பி என்பார்.

காபிக்கடை வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாகக் கம்ப்யூட்டரின் முன் குனிந்திருந்தார்கள், ஆவி படிந்து முகங்கள் கலங்கித் தெரிந்தன. காபிக்கடை என்றால் பாதித் தூரம். இனி நேரே போய் சிக்னலில் ரோட்டைத் தாண்டி, புத்தகக்கடையை ஒட்டித் திரும்பினால் கல்லூரி. மனதுக்குள் சொல்லிக்கொண்டார், சிக்னல், புத்தகக்கடை, கல்லூரி. சிக்னல், புத்தகக்கடை, கல்லூரி. அப்பா ஒருநாள் தெருவில் வழி கேட்டார். யாரிடமோ இல்லை, இவரிடமே கேட்டார். அதை நினைக்காமலிருக்க சிக்னல், புத்தகக்கடை, கல்லூரி. சிவந்தகுளம் ரோட்டில் காலை பதினொரு மணி, தோளில் ரீடிங் நோட்டு, பக்கத்தில் அந்த ஆறு விரல்காரர், பெயர் வராத அந்த மனுஷன். எதிரில் அப்பா வந்தார், வேட்டி மண்ணில் புரள, ஒரு காலில் மட்டும் செருப்பு. நேராக இவர் முன்னால் வந்து நின்று, மரியாதையாகக் கையைக் குவித்து, "தம்பி, உப்பளத்து அந்தோணி வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்றார். தன் பெயரைத்தான் சொன்னார். ஆறு விரல்காரருக்கு அப்பாவைத் தெரியாது. யாரோ கிழவர் என்று சிரித்துக்கொண்டு நின்றார். சவரிராயனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. இது என் அப்பா என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் அவர் கையை நீட்டி, "நேரே போய் ரெண்டாவது சந்து, பெரியவரே" என்றார். பெரியவரே! அப்பா தலையாட்டிவிட்டுப் போனார். இவர் அடுத்த வீட்டுப் படியேறி மீட்டரைப் பார்த்தார். அன்றைக்கு எடுத்த ரீடிங்கைத் தப்பாக எழுதினார், மறுநாள் போய்த் திருத்தினார். அதைத் திருத்த முடிந்தது. இருபத்துநாலு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. பிலோமினாவிடமும்.

சிக்னலுக்கு முன்னால் நடைபாதையைக் கட்டையைக் குறுக்கே வைத்து அடைத்திருந்தார்கள். மேலே ஓர் ஆள் இயந்திர ஏணியில் நின்று பனிப் பாரத்தில் முறிந்த கிளையை அறுத்துக்கொண்டிருந்தான். கீழே நின்றவன் கையை வலப்பக்கமாக வீசி, சுற்றிப் போகச் சொன்னான். சவரிராயன் வலப்பக்கம் திரும்பினார். சுற்றிப் போவது என்றால் ஒரு சதுரம், வலம், இடம், மறுபடி இடம், அப்புறம் அதே ரோடு. ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். வலம் திரும்பினார், இடம் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பிலோமினா சொன்னது இந்தத் தெருவிலா? "இங்க ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லுதாங்க. அந்தப் பாசி எல்லாத்தையும் முறையா வகை பிரிச்சு ஒரு புத்தகமாக் கொண்டு வரணுமாம். என் பேர்லயே. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். உங்களுக்கு எப்படி?" அவள் முகம் அப்போது இருந்த மாதிரி அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "உனக்கு எப்படியோ அப்படி" என்றார். தாராளமான புருஷன் பேசுகிற பேச்சு. உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் என்றால் அவள் காலையில் போய் இரவு வருவாள், நான் இந்த வெள்ளைக்குள் நடந்துகொண்டிருப்பேன். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவர் தலையில்தான் விழும். நான் சொன்னால் அவள் வேண்டாமென்று எழுதிவிடுவாள். சொல்லாவிட்டால் சரி என்று எழுதிவிட்டு, நடுவில் ஒருநாள் என்னைத் தெருத்தெருவாகத் தேடுவாள். இன்றைக்கு என்ன கிழமை? வெள்ளி. இன்றைக்குத்தான் வெள்ளி. கையில் கேரியரோடு அவர் நின்றார். நின்ற இடம் எது?

இடம் திரும்பியாயிற்று. ஒரு தடவையா, இரண்டு தடவையா? முன்னாலும் பின்னாலும் ஒரே வெள்ளைத் தெரு, இரண்டு பக்கமும் பனியை ஒதுக்கி இடுப்புயரத்துக்குக் குவித்திருந்தார்கள், தெருப் பெயர்ப்பலகையில் பனி அப்பியிருந்தது. ரம்பத்தின் சத்தம் கேட்டது, ஆனால் அது எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டது. ஒரு வியர்வை, இந்தக் குளிரிலும், பனியனுக்குள் முதுகுத்தண்டில் இறங்கியது. செல்போன் இருக்கிறது, உள்சட்டைப் பையில் சூடாக வைத்திருக்கிறார். அதில் வரைபடம் உண்டு, பிலோமினா பழக்கிக் கொடுத்திருந்தாள், ஒரு நீலப் புள்ளி. அவர் நடந்தால் அது நிற்கும், அவர் நின்றால் அது திரும்பும். எடுக்கலாம். எடுத்தால், இரண்டு மாதமாக நடக்கும் பன்னிரண்டு நிமிடத்துக்கு வரைபடம் எடுத்தவன் ஆகிவிடுவோம். நாலாயிரம் வாசல்! எதிரே இரண்டு பையன்கள் வந்தார்கள், முதுகில் பை, ஒருவன் குளிரில் குட்டைக் கால்சட்டை போட்டிருந்தான், பைத்தியக்காரன். கேட்கலாம். கேரியர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவர்கள் கடந்து போனார்கள். அப்புறம் ஒரு பெண், அப்புறம் மூன்று பேர், எல்லோர் முதுகிலும் பை, எல்லோரும் ஒரே பக்கமாக வேகமாகப் போகிறார்கள். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது, மதிய வகுப்பு. இவர்கள் வேறு எங்கே போவார்கள்? சவரிராயன் அந்த முதுகுகளுக்குப் பின்னால் நடந்தார். யாரோ ஒருத்தியின் பையில் தொங்கிய சிவப்புக் கரடிப் பொம்மையைக் கண்ணிலிருந்து விடாமல் நடந்தார். அது ஆடி ஆடிப் போயிற்று. வெட்கமாக இருந்தது, நன்றியாகவும் இருந்தது. புத்தகக்கடை வந்தது. கல்லூரியின் செங்கல் கட்டடங்கள் வந்தன. கரடிப் பொம்மை ஒரு கதவுக்குள் போய் மறைந்தது, அது எங்கே போனால் என்ன, இந்த இடம் தெரியும்.

பிலோமினா படிக்குக் கீழே, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். புடவைக்கு மேல் வெள்ளை மேலங்கி, காலில் அறைக்குள் போடும் ரப்பர் செருப்பு, தலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள். "பன்னெண்டே முக்கால் ஆகப் போகுது. என்னத்துக்கு இவ்வளவு நேரம்?" என்றாள். முக்காலா? அவருக்குக் கால் மணிதான் கணக்கு. "மரம் வெட்டுறாங்க, சுத்தி வந்தேன்" என்றார். அதில் பொய் இல்லை. சாப்பாட்டு அறையில் யாருமில்லை. அவள் கேரியரைத் திறந்து அடுக்குகளைப் பரப்பினாள். பருப்பு ஆறி ஆடை கட்டியிருந்தது. முதல் வாயை எடுத்து வைத்துவிட்டு, "பதில் எழுதி வச்சுட்டேன், இன்னும் அனுப்பலை. நீங்க வந்ததும் ஒரு தடவை கேட்டுட்டு அனுப்புவோம்னு" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அனுப்பு என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார்.

"பிலோ, போன வியாழக்கிழமை நான் வீட்டைத் தவறவிட்டுட்டேன்."

"எதைத் தவறவிட்டீய?"

"வீட்டை. வேற வீட்ல போய்ச் சாவியைப் போட்டேன். அப்புறம் வீடு எங்க இருக்குன்னே தெரியலை. ஒரு மணி நேரம் சுத்தினேன். இப்பவும், வர்ற வழியில."

அவள் கை தட்டில் அப்படியே நின்றது. அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது. ஸ்கூட்டர், ஜெபத்தில் போன வரி, அடுப்பு, பெயர் வராத ஆறு விரல்காரர், எல்லாம் முன்னும் பின்னுமாக வந்து விழுந்தன. கடைசியில், கேட்கப்படாமலே, சிவந்தகுளம் ரோட்டுக்கு வந்துவிட்டார். அப்பா கும்பிட்டதைச் சொன்னார், தான் கை காட்டியதைச் சொன்னார், பெரியவரே என்று கூப்பிட்டதைச் சொன்னார். மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார். ஒரு மாணவி உள்ளே வந்து, இவர்களைப் பார்த்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் போனாள்.

"ஒரு வாரமா எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கீய," என்றாள் பிலோமினா. குரலில் முதலில் வந்தது கோபம்தான். "ஒரு மணி நேரம் இந்தக் குளிர்ல. விழுந்து கிடந்தா எனக்கு யாரு வந்து சொல்லுவா?" அவள் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டி, மேலங்கிப் பையிலிருந்து சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள், பாசிகளைக் குறிக்கும் நோட்டு. "எத்தனை தடவை?"

"நாலு. அஞ்சுன்னும் வச்சுக்கலாம்."

"ஒவ்வொண்ணுக்கும் தேதி சொல்லுங்க. டாக்டர் கேப்பாங்க."

"அதுதான் எனக்கு ஞாபகம் இல்லையே, பிலோ!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. அவள் சிரித்துக்கொண்டே கண்ணைப் புறங்கையால் துடைத்தாள், பருப்பு கண்ணாடியில் பட்டது. குழாயில் வெந்நீர் ஓடும் சத்தம் சுவருக்குள் கேட்டது. அந்த ஆறு விரல்காரர் பெயர் உனக்கு ஞாபகமிருக்கா, நம்ம வீட்டுக்குக்கூட ஒரு தடவை வந்திருக்காரே என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, எனக்கும் தெரியலை என்றாள். அது அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

"மாமாவுக்கு வழி சரியாத்தானே சொன்னீய?" என்று திடீரென்று கேட்டாள்.

"சரியாத்தான் சொன்னேன். ரெண்டாவது சந்து."

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தாரா?"

"சேர்ந்தாரு. நான் சாயங்காலம் போனப்ப நாற்காலில உக்காந்திருந்தாரு."

"கூட்டிட்டுப் போயிருக்கலாம்," என்றாள். பூசி மெழுகாமல் சொன்னாள். அப்புறம் குரலைத் தணித்து, "ஆனா வந்து சேர்ந்துட்டாரு" என்றாள்.

"எனக்காக இவங்ககிட்ட வேண்டாம்னு எழுதிடாத" என்றார். "உங்களுக்காக நான் எதுவும் எழுத மாட்டேன். எழுதினா எனக்காகத்தான் எழுதுவேன். இன்னைக்கு ஒண்ணும் அனுப்பப் போறதில்லை. ஒரு வாரம் வேணும்னு கேக்கப் போறேன். குடுத்தா பாப்போம். இங்க காலேஜ் ஆஸ்பத்திரிலயே டாக்டர் இருக்காங்க, திங்கக்கிழமை போவோம். இது அதுவா, இல்ல வேற சத்துக் குறைச்சலா, தைராய்டான்னு யாரு கண்டா? நீங்களா ஒரு பேரை வச்சுக்கிட்டு அதுகூடக் குடும்பம் நடத்துறீய." அப்பளத்தை இரண்டாக உடைத்து ஒரு பாதியை அவரிடம் நீட்டினாள். நமுத்துப்போயிருந்தது. தின்றார்.

ஒன்றரை மணிக்கு அவளுக்கு மேலே கூட்டம். வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன், கூட்டம் கிடக்கட்டும் என்றாள். வேண்டாம் என்றார். இங்கேயே உட்காருங்க, சாயங்காலம் சேர்ந்து போவோம் என்றாள். அதற்கும் வேண்டாம் என்றார். வீம்பு இல்லை, வேறு ஏதோ. சொன்னபிறகு உடம்பு லேசாக, கொஞ்சம் நடுக்கமாக, காய்ச்சல் விட்டவன் மாதிரி இருந்தது. அந்த உடம்போடு நடந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், கழுத்துத் துணியை இழுத்துச் சரியாகச் சுற்றிவிட்டாள், கதவைத் திறந்துவிட்டாள். வெளியே வெயில் வந்திருந்தது, சூடில்லாத வெயில், பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. காலிக் கேரியர் பையில் குலுங்க அவர் படியிறங்கி நடந்தார். கதவு மூடும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. செங்கல் கட்டடத்தைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தாண்டி, நடைபாதை இரண்டாகப் பிரியும் முனைக்கு வந்தார். இந்த முனையில் இரண்டு மாதமாகத் தினமும் யோசிக்காமல் திரும்பியிருக்கிறார். இன்றைக்கு யோசித்தார். இரண்டு பக்கமும் மொட்டை மரம், இரண்டு பக்கமும் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். எதையாவது ஒன்றைப் பிடித்து நடந்தால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். நடக்கத்தான் காலை எடுத்தார். எடுத்த காலைக் கீழே வைத்து, முழுவதுமாகத் திரும்பினார். அறுபது எழுபது கஜத்துக்கு அப்பால் அவள் படியில்தான் நின்றுகொண்டிருந்தாள், கோட்டு இல்லாமல், ரப்பர் செருப்போடு, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

"பிலோ!" என்று கத்தினார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் இவ்வளவு சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். "எந்தப் பக்கம்?"

அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். பின்வரிசையில் பேசுகிற அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்குகிற குரல், பனிமேட்டையெல்லாம் தாண்டித் தமிழில் வந்தது.

"இடதுகைப் பக்கம்! அடுத்த முனை வந்ததும் நின்னு எனக்குப் போனைப் போடுங்க!"

அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார், இதுதானே என்பது போல. அவள் தலையை ஆட்டினாள். சவரிராயன் இடதுபக்கம் திரும்பி நடந்தார். நடந்துகொண்டே, பல்லால் கையுறையைக் கழற்றி, செல்போனை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.